துணிக்கு இந்தப் பக்கம்

பின்னேர அஸர் தொழுகை முடிந்து அரை மணி நேரம் ஆகியிருக்கும். பொது மண்டபத்தின் ஜன்னல்கள் அனைத்தையும் பன்பாய்களால் மூடியிருந்தோம். பாய்களின் இடுக்குகளில் நுழைந்த வெயில் சிமெந்துத் தரையில் ஊசி ஊசியாகக் கிடந்தது. குழந்தைகளின் கழுத்தில் பூசியிருந்த பவுடர் வியர்வையில் கரைந்து மண்டபம் முழுவதும் மணத்தது.

நடுவில், கிழக்குச் சுவரிலிருந்து மேற்குச் சுவர் வரை ஒரு வெள்ளைத் துணி கட்டியிருந்தோம். அதற்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள். புரொஜெக்டர் ஆண்கள் பக்கம் இருந்தது. அதன் ஒளி துணியில் விழுந்து, இழைகளுக்கிடையே கசிந்து, எங்கள் பக்கத்திலும் படமாகத் தெரிந்தது.

படத்தில் ஆசியா உம்மா தன் குசினியில் அடுப்பருகே நிலத்தில் அமர்ந்திருந்தார். முன்னால் ஒரு தட்டில் சோறு, புளியாணம், பொரித்த சூடை மீன். மீனின் நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்து ஓரம் வைத்தார். சோற்றைப் பிசைந்து வாயில் வைத்தார்.

எனக்குப் பின்னால் அமர்ந்திருந்த, ஆசியா உம்மாவின் பக்கத்து வீட்டுச் சுபைதாதான் முதலில் சொன்னார்.

“என்னகா இது? ஆசியா மதினி இடக்கையாலயா சோறு தின்ற?”

என் அருகில் இருந்த றஹீமா ராத்தா என் மணிக்கட்டைப் பற்றினார். ஆசியா உம்மாவின் மகள் அவர்; ராத்தா என்றால் எங்களுக்கு அக்கா. அந்தப் படத்தை எடுத்தவரும் அவர்தான். அவருடைய நகம் பதிந்த தடம் இரண்டு நாள் என் கையில் இருந்தது.

படம் எடுத்த அந்தக் கெமரா இரவல்; றஹீமா ராத்தாவுக்கு அது சொந்தமாக வேண்டும். ஊரில் ஒருவர் ஒரு கெட்ட சொல் சொன்னாலும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய தாயாரின் நிபந்தனை. அந்தச் சொல் இப்போது எனக்குப் பின்னாலிருந்து வந்துவிட்டது. அதற்குக் காரணம் நான்.

மெசின் வராத வகுப்பு

கல்முனையின் மேற்குப் புறத்தில், வயலை நிரப்பிக் கட்டிய மாடி வீட்டுத் திட்டம் அது. கடல் வந்து வீடுகளைக் கொண்டுபோன பிறகு, கரையில் வாழ்ந்த குடும்பங்களை அங்கே குடியேற்றினார்கள். கடலின் இரைச்சலில் பேசிப் பழகியவர்கள் என்பதால் அங்கே இன்றும் எல்லோரும் சற்று உரத்தே கதைக்கிறார்கள்.

மேல் மாடிகளுக்குத் தண்ணீர் காலையில் சிறிது நேரம் ஏறும். அதன் பின் பெண்கள் வாளியில் ஏற்ற வேண்டும். மழை பெய்தால் கீழ்த்தளத்து வாசல்களில் தண்ணீர் பல நாள் நிற்கும். கல்யாணம் பேச வருபவர்கள், பெண்ணின் வீடு அந்தத் திட்டத்தில் என்று தெரிந்ததும், தேநீரைப் பாதியில் வைத்துவிட்டு நேரத்தைப் பார்ப்பார்களாம்.

நான் மருதமுனையைச் சேர்ந்தவள். அப்போது பல்கலைக்கழகத்தில் தமிழ் இலக்கியம் படித்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் கூடும் இடத்தில் சுவரோரம் நிற்பவள் என்று இத்தொடரில் முன்பே எழுதியிருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முந்திய ஒரு நீண்ட விடுமுறையில், கொழும்பிலிருந்து வந்த சிறிய கலைக்குழுவொன்றுக்கு எழுத்து வேலைகளில் உதவப் போனேன். அவர்களிடம் இரண்டு கெமராக்களும் ஒரு மடிக்கணினியும் இருந்தன. திட்டத்துப் பெண்கள் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே படமெடுக்க வேண்டும் என்பது அவர்களின் எண்ணம்.

முதல் நாள் மண்டபம் நிறையப் பெண்கள் வந்தார்கள். பெயர்களை எழுதி முடித்ததும் சுபைதா கேட்டார்.

“மெசின் எப்ப தருவீங்க?”

“மெசின் இல்ல மாமி. கெமரா” என்றேன்.

“கெமராவால என்னத்தத் தைக்கிற?”

தையல் வகுப்பு என்று யாரோ சொல்லிவிட்டிருந்தார்கள். மறுநாள் ஐந்து பேர் வந்தார்கள். அவர்களில் ஒருவர் றஹீமா ராத்தா. கணவர் கத்தாரில். ராத்தா தாயாருடன் மூன்றாம் மாடியில் இருந்தார்.

வீட்டிலுள்ள ஏதாவது ஒன்றை எடுத்து வாருங்கள் என்பதே முதல் பயிற்சி. மற்றவர்கள் பிள்ளைகளையும் பூச்சாடியையும் எடுத்து வந்தார்கள். றஹீமா ராத்தா குழாயடியில் ஒரு குடம் நிரம்புவதை எடுத்திருந்தார். தண்ணீரின் சத்தம் கனமாகத் தொடங்கி, குடத்தின் கழுத்தை நெருங்க நெருங்க மெலிந்தது. குடம் நிரம்பி வழியும் வரை கெமரா அசையவில்லை.

“வேற என்ன எடுக்கிறண்டு தெரியல்ல தங்கச்சி” என்று அவர் மன்னிப்புக் கேட்பது போலச் சொன்னார்.

குழுவினர் அந்தக் காட்சியை மீண்டும் ஒருமுறை போடச் சொன்னார்கள்.

திரும்பிய தலைகள்

இங்கே என் மூத்த சகோதரியின் கல்யாண வீடியோவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் அப்போது சிறுமி. எடுத்தவர் ஓர் ஆண். பெண்கள் இருந்த அறைக்குள் அவர் வந்ததும் ஒவ்வொருவராக முக்காட்டை இழுத்து அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். இன்றும் அந்த வீடியோவைப் போட்டால் தோள்கள், முதுகுகள், ஒரு தட்டில் தொதல் இனிப்புத் துண்டுகள், மீண்டும் முதுகுகள். மணமகளின் சாச்சிமார், அதாவது சின்னம்மாமார், எவருக்கும் அந்தக் கல்யாணத்தில் முகம் இல்லை.

இந்தக் கதையை ஒருநாள் இடைவேளையில் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். றஹீமா ராத்தா சிரிக்கவில்லை.

“பொம்புளப் பக்கத்துக்குப் பொம்புள போனா எல்லாரும் திரும்பி இரிப்பாங்களா?” என்றார்.

படப் பயிற்சி முடிந்து போகும்போது ஒரு கெமராவை, தொடர்ந்து எடுக்கக்கூடிய ஒருவரிடம் விட்டுச் செல்வதாகக் குழு சொல்லியிருந்தது. ராத்தா அதை எந்த நேரமும் மனதில் வைத்திருந்தார் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படமெடுக்கும் தொழில். எங்கள் கரையில் அதற்குப் பெண்ணே இல்லாதிருந்த காலம் அது.

கணவரிடம் தொலைபேசியில் கேட்டார். “உம்மா சொன்னாச் சரி” என்று அவர் சொல்லிவிட்டார். எங்கள் பக்கத்தில் பெண்ணின் வீட்டுக்குத்தான் மாப்பிள்ளை வந்து வாழ்கிறார். வீட்டின் சொல் பெண்ணின் தாயாருடையது. கணவர் தூரதேசத்தில் இருந்தும் அந்த ஒழுங்கு மாறவில்லை.

ஆசியா உம்மா அரிசி புடைத்துக்கொண்டே தீர்ப்புச் சொன்னார்.

“எடு மகள். என்னையே எடு, வேற ஆக்கள்ற வீட்டுப் பொம்புளைகளக் காட்டித் திரியாத. எடுத்து முதல்ல நம்மட ஆக்களுக்குக் காட்டு. ஒருத்தராவது ஒரு கெட்ட சொல்லுச் சொன்னாங்க எண்டா, அந்தச் சாமானத் திருப்பிக் குடுத்திரணும். சரியா?”

“சரி உம்மா.”

“தங்கச்சி, நீயும் கேட்டுக்க. மறுகா அப்பிடிச் சொல்லல்ல எண்டு கதைக்கப்படா.”

நான் தலையசைத்தேன். சாட்சியாக என்னை நிறுத்தியது எனக்குச் சற்றுப் பெருமையாகவும் இருந்தது.

கெமராவுக்குப் பசிக்காதா

படத்துக்கு ‘மூன்றாம் மாடி’ என்று பெயர். ஆசியா உம்மாவின் ஒரு நாள். விடிகாலை சுபஹு நேரத்தில் தண்ணீர் பிடிப்பது, வாளியுடன் படியேறுவது, சமைப்பது, சாப்பிடுவது, அஸர் தொழுவது. நடுவில் பள்ளிவாசல் நிர்வாகியான ஹனீபா மரைக்கார் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க வந்து, வாசலில் நின்று தேநீர் குடித்துப் போவது. அவ்வளவுதான்.

படியேறும் காட்சிக்கு ஒரு காலை போதுமாக இருந்தது. சாப்பிடும் காட்சிக்குத்தான் நான்கு நாள் ஆயிற்று.

ஆசியா உம்மா தட்டின் முன் அமர்வார். சோற்றில் கை வைப்பார். உடனே நேரே கெமராவைப் பார்த்து, “வாங்க, சாப்பிடுவம்” என்பார்.

“உம்மா, கெமராவப் பாக்கப்படா” என்பார் ராத்தா.

“கெமராவுக்குப் பசிக்காதா? அதுக்கு அங்கால நிக்கிற உங்களுக்கும் பசிக்காதா? ஆக்கள் பாத்துக்கிட்டு நிக்க நான் மட்டும் எப்பிடி மகள் தின்ற?”

மீண்டும் எடுப்போம். மீண்டும் அழைப்பார். அது அவருடைய எண்ணத்தில் இல்லை, கையில் இருந்தது. தட்டுக்குக் கை போனால் வாய் பிறரை அழைத்துவிடும்.

நான்காம் நாள் ராத்தா ஒரு வழி கண்டார். முதலில் நாங்கள் இருவரும் வயிறு நிறையச் சாப்பிட்டோம். பின்னர்தான் கெமராவை வைத்தோம். நாங்கள் பசியாறியதைக் கண்ணால் கண்ட ஆசியா உம்மா, அதன் பின் யாரையும் பார்க்காமல் சாப்பிட்டார். நடுமுள்ளை ஒரே இழுப்பில் எடுத்தது அன்றைக்குத்தான்.

பிழையாகிப்போன காட்சிகளை ஒரு பட்டியலாக எழுதி, நீக்க வேண்டியவை என்று தலைப்பிட்டு ராத்தாவிடம் கொடுத்தேன். ‘கெமராவைப் பார்க்கிறார்’ என்று பதினோரு இடத்தில் எழுதியிருந்தேன்.

என் யோசனை

படம் காட்ட மண்டபத்தைத் தர ஹனீபா மரைக்கார் உடனே சம்மதித்தார். ஆண்களும் பெண்களும் தனித்தனியே இருக்க வேண்டும், நடுவே மறைப்பு வேண்டும் என்றார். அது எங்களுக்குப் புதிதல்ல. எங்கள் கூட்டங்கள் எல்லாம் அப்படித்தான்.

ஆனால் புரொஜெக்டர் ஒன்றுதான் இருந்தது. காரைதீவில் வகுப்பு நடத்தும் ஆசிரியர் ஒருவர் ஒரு பின்னேரத்துக்கு மட்டும் இரவல் தந்து, இயக்குவதற்குத் தாமே வருவதாகச் சொல்லியிருந்தார். எல்லோரும் அவரைச் சேர் என்றே அழைத்தோம். இரண்டு தடவை காட்ட நேரம் போதாமல் போகலாம், சூரியன் மறைந்ததும் வரும் மஃரிப் தொழுகைக்கு முன் முடித்துவிட வேண்டும் என்று குழுவினர் கவலைப்பட்டார்கள்.

அப்போதுதான் நான் சொன்னேன். மறைப்பும் திரையும் ஏன் இரண்டாக இருக்க வேண்டும்? மெல்லிய துணி ஒன்றைக் கட்டினால் அதுவே மறைப்பு, அதுவே திரை.

அந்தப் பருவத்தில் கதைகளில் பார்வைக் கோணம் பற்றி நான் எழுதிய கட்டுரையை விரிவுரையாளர் வகுப்பில் வாசித்துக் காட்டியிருந்தார். அந்த மிதப்பும் கொஞ்சம் இருந்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த தறிக்காரரிடம் சாயமிடாத வெள்ளைத் துணி வாங்கினேன். அகலம் போதாததால் மூன்று துண்டுகளை இணைத்துத் தைத்தேன். படம் காட்டுவதற்கு முந்திய நாள் மண்டபத்தில் கட்டி, சேரைப் புரொஜெக்டருடன் சிறிது நேரம் வரவழைத்துப் பரிசோதித்தேன். மொட்டை மாடியிலிருந்து எடுத்த கடலின் படத்தை அவர் போட்டார். நான் அந்தப் பக்கம் நின்று பார்த்தேன். இந்தப் பக்கம் வந்து பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே கடல். திருப்தியுடன் வீட்டுக்குப் போனேன்.

கடலுக்கு இடமும் இல்லை, வலமும் இல்லை. அதை நான் யோசிக்கவில்லை.

கை

மறுநாள் படத்தின் பெயர் எழுத்துகள் பெண்கள் பக்கத்தில் இடவலம் மாறித் தெரிந்தபோதே எனக்குப் பிழை புரிந்துவிட்டது. எழுத்து மட்டும்தான், படம் ஓடத் தொடங்கினால் சரியாகிவிடும் என்று அறிவுக்கு ஒவ்வாத ஒரு நம்பிக்கையில் இருந்தேன். தண்ணீர் பிடித்ததையும் படியேறியதையும் எல்லோரும் இரசித்தார்கள். “அது என்ட வாளி” என்று ஒருவர் உரிமை கொண்டாடினார்.

பிறகு சோறு வந்தது. சுபைதா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

“ஓம்கா, இடக்கைதான்.”

“முந்தானையும் மாறிக் கிடக்கு, பாருங்க.”

“படத்துக்கெண்டா இப்பிடியெல்லாம் தின்னச் சொல்லுவாங்களா?”

ஆசியா உம்மா எங்களுக்கு முன் வரிசையில் இருந்தார். எழுந்து நின்றார். தான் இடக்கையால் சாப்பிடுவதை, ஊர் பார்க்க, தானே பார்த்தார்.

“நான் எந்த நாளுகா இடக்கையால திண்ட? றஹீமா, என்னத்தச் செய்து வெச்சிருக்காய்?”

“நான் ஒண்டும் செய்யல்ல உம்மா” என்றார் ராத்தா.

நானும் எழுந்தேன். “நாம பின்பக்கம் இருந்து பாக்கிறம் சாச்சி, அதுதான் மாறித் தெரியிது, துணிதான் பிழை” என்றேன். என் குரல் இரண்டு வரிசைக்கு அப்பால் போகவில்லை. போன இரண்டு வரிசையும் நம்பவில்லை.

துணிக்கு அந்தப் பக்கமிருந்து மரைக்கார் கேட்டார்.

“அங்கால என்ன சத்தம்?”

“ஒண்டுமில்ல மரைக்கார்” என்றார் சுபைதா. “ஆசியா மதினி இடக்கையால தின்றா.”

மரைக்கார் துணியை மறுபடி பார்த்திருக்க வேண்டும்.

“இஞ்சால வலக்கையாலதானே தின்றா.”

யாரோ ஒரு பெண் தன் வலக்கையைத் தூக்கிப் பார்த்தார். பின்னர் இடக்கையைப் பார்த்தார். சுபைதா துணியின் ஓரத்தைச் சிறிது விலக்கி, ஒற்றைக் கண்ணால் அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு வந்து இருந்தார்.

“அங்கால சரியாத்தான் தின்றா” என்றார். குரலில் ஏமாற்றம் இருந்ததாக எனக்குப் பட்டது.

ஆசியா உம்மா இன்னும் நின்றுகொண்டிருந்தார். படத்தில் சாப்பாடு முடிந்து, அஸர் நேரம் வந்திருந்தது. அறையில் தொழுகைப் பாய் விரிந்தது. படத்து ஆசியா உம்மா பாயில் நின்று கைகளை உயர்த்தித் தக்பீர் கட்டினார்.

துணியைப் பார்த்துக்கொண்டே ஆசியா உம்மா தன் கையை நீட்டினார். துணியில் தொழுதுகொண்டிருந்தவரின் முகம் எந்தத் திசையைப் பார்த்திருந்ததோ அந்தத் திசைக்கு. அங்கே மண்டபத்தின் மேற்குச் சுவர் இருந்தது.

“மரைக்கார், அங்கால நான் எந்தப் பக்கம் பாத்துத் தொழுறன்?”

“மேற்கால.”

“இஞ்சாலயும் மேற்காலதான்.”

அவர் கையை இறக்கினார். பிறகு, பெண்களைப் பார்த்து, மெதுவாகச் சொன்னார்.

“கை கிறுகித்து. கிப்லா கிறுகல்ல.”

கிறுகுவது என்றால் எங்கள் பேச்சில் திரும்புவது; கிப்லா, தொழும்போது முகம் வைக்கும் மக்காவின் திசை. துணி மட்டும் அன்று வடக்குத் தெற்காகக் கட்டப்பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் சில வேளை நினைத்துப் பார்ப்பேன். மண்டபம் அமைந்த விதத்தில், நான் யோசிக்காமலே, அந்த ஒன்று மட்டும் சரியாக அமைந்துவிட்டது.

“சேர், படத்த நிப்பாட்டுங்க” என்றார் ஆசியா உம்மா.

கெமராவைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. ராத்தா அதை மடியில் வைத்து இரு கைகளாலும் மூடியிருந்தார்.

இரண்டாம் தடவை

நியாயம் கேட்டவர் சுபைதா.

“எடுத்ததும் பொம்புள, படத்தில இரிக்கிறதும் பொம்புள. நாங்க ஏன் பின்னுக்கு இருந்து பாக்கிற?”

மரைக்கார் சற்று யோசித்திருக்க வேண்டும். நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது.

“ஆம்புளைகள் எழும்புங்க. அங்கால போவம். மஃரிபுக்கு நேரம் இரிக்கி. சேர், இன்னொருக்காப் போடலாமா?”

“போடலாம்” என்றார் சேர். “பல்ப் சூடு. பத்து நிமிஷம் தாங்க.”

அந்தப் பத்து நிமிடத்தில் ஆண்கள் ஒரு வாசலாலும் பெண்கள் மறு வாசலாலும் வெளியேறி, மண்டபத்தைச் சுற்றி இடம் மாறினோம். பிள்ளைகள் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் இரண்டு பக்கமும் ஓடின. யாரோ நெக்டோ சோடாவை ஒரு வாளியில் ஊற்றி ஐஸ் போட்டுக் கொண்டுவந்தார்கள். வெயில் இறங்கிவிட்டிருந்தது. வயல் பக்கமிருந்து காற்று வந்தது.

சேர் படத்தை ஓடவிட்டு ஆண்கள் பக்கம் போய் இருந்தார். இம்முறை எழுத்துகள் நேராக இருந்தன. ஆசியா உம்மா வலக்கையால் வாளியைத் தூக்கினார். முதல் தடவை எங்களில் யாரும் கவனிக்காத இடத்தில், மரைக்கார் வாசலில் நின்று தேநீர் குடித்தபோது, துணிக்கு அப்பால் ஒரு சிரிப்பு வெடித்தது.

“மரைக்கார், இடக்கையால தேத்தண்ணியா?”

“நான் இல்ல வாப்பா. அது துணி.”

சோற்றுக் காட்சியில் சுபைதா குறைந்தது மூன்று பேருக்கு விளக்கம் சொன்னார், முதலிலேயே கண்டுபிடித்தவர் தாம்தான் என்பது போல. தொழுகைக் காட்சி வந்தது. பாய் சுருட்டப்பட்டது. படம் அங்கே முடியும் என்று நான் அறிவேன். இறுதி வரிகளை நானே எழுதிக் கொடுத்திருந்தேன்.

முடியவில்லை.

மீண்டும் குசினி. தட்டின் முன் ஆசியா உம்மா. சோற்றில் வைத்த கையைப் பாதி எடுத்து, நிமிர்ந்து, எங்கள் எல்லோரையும் நேரே பார்த்தார். என் பட்டியலில் நீக்க வேண்டியவை என்ற தலைப்பின் கீழ் இருந்த பதினொன்றில் ஒன்று. என்னிடம் சொல்லாமல் ராத்தா அதைக் கடைசியில் வைத்திருந்தார்.

“வாங்க, சாப்பிடுவம்.”

சுபைதா, படத்தில் இருந்தவரைப் பார்த்து, வீட்டு வாசலில் நின்று சொல்வது போலவே சொன்னார்.

“நாங்க திண்டுட்டம் மதினி. நீங்க தின்னுங்க.”

“நீங்க தின்னுங்க சாச்சி.” இது இன்னொரு குரல். “நாங்க இப்பதான் திண்ட.” இன்னொன்று. துணிக்கு அப்பாலிருந்தும் வந்தது, மரைக்காரின் குரல்: “தின்னுங்க, தின்னுங்க.” கேட்கப்பட்டதற்குப் பதில் சொல்லாமல் விடுவது எங்களால் ஆகாத காரியம்.

திரை வெளுத்தது. பெண்கள் பாய்களை ஜன்னல்களிலிருந்து எடுக்கத் தொடங்கினார்கள். ஒளி உள்ளே வந்தது. தூசி அதில் மிதந்தது. நான் என் துணியின் முடிச்சுகளை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தேன். யாரும் என்னைப் பார்க்காதிருந்தது நிம்மதியாக இருந்தது.

ஆசியா உம்மா மகளின் அருகில் வந்து நின்றார். ராத்தா நிமிரவில்லை. மடியிலிருந்த கெமராவை மெல்ல எடுத்து, திருப்பிக் கொடுப்பதற்குத் தயாரானவர் போல, இரு கைகளிலும் வைத்துக்கொண்டார்.

ஆசியா உம்மா அதைச் சிறிது நேரம் பார்த்தார்.

“அதுட கண்ண மூடி வை மகள்” என்றார். “தூசி விழுகிது. நாளைக்கும் எடுக்கிற சாமான்.”